பாட்டுக்கு அடியில் அப்பத்தாவின் குரல்

ஏலமலை லயங்களின் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் கல்யாணக் கேசட்டுகளை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே மீட்கலாம், வெட்டித் தொகுக்கலாம். எதை வெட்டக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அங்கே தமிழ்நாடு முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. பூப்பாறையில் மூணாறு சாலையை விட்டுவிட்டுக் குமுளிப் பக்கம் திரும்பினால் சற்று நேரத்தில் சாந்தன்பாறை. விடிவதற்குள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விரையும் ஜீப்புகளின் பின்னாலேயே போன மே மாதம் நானும் ஏறினேன். அத்தை லயத்தைக் காலி செய்கிறார்.

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. வேலையிலிருந்து நின்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். முப்பது வருடம் ஒரே அறையிலும் ஒரே அடுப்படியிலும் வாழ்ந்தவர், அத்தனையையும் ஒரு ஜீப்பில் அடக்கிக்கொண்டு மலையிறங்கியாக வேண்டும். எதை ஏற்றுவது, எதை விடுவது என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விடவேண்டிய குவியலில் ஒரு மஞ்சப்பை. உள்ளே மூன்று வி.எச்.எஸ். கேசட்டுகள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய லேபிள்: ‘கல்யாணம், சாந்தன்பாறை, 1994’.

“டெக்கும் இல்ல, பாக்க வழியும் இல்ல. என்னத்துக்குப்பா அது? போட்டுரு” என்றார் அத்தை.

கேசட்டைத் திருப்பி, கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டில் டேப் பளபளவென்று கருத்துத்தான் இருந்தது. மூன்றாவதில் சுற்றின் ஓரத்தில் மாவு தூவியது போல வெள்ளை. பூஞ்சை. ஜூன் தொடங்கி மாதக்கணக்கில் மழையும் மஞ்சும் விலகாத இந்த உயரத்தில், துணியில் பிடிக்கிறது, தோலில் பிடிக்கிறது, டேப்பையும் விடுவதில்லை. மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு கீழே வந்தேன். அவற்றில் நல்ல இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி, ஒட்டி, அத்தை கையில் திருப்பிக் கொடுப்பதற்குள் நான் கற்றுக்கொண்டவைதான் இந்தக் கட்டுரை.

டெக் வந்த ராத்திரி

வி.எச்.எஸ். 1976-இல் ஜப்பானில் பிறந்தது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்குக் கலர் டி.வி. வந்தது, வீடியோ டெக்கும் அந்தக் காலத்தில்தான் பரவியது. மலைக்கு எதுவும் வாடகையாகத்தான் வந்து சேரும். கல்யாணக் கேசட் கைக்கு வந்த அன்று கீழேயிருந்து டி.வி.யும் டெக்கும் ஜீப்பில் ஏறும். பாயை விரித்து லயமே உட்காரும். தன் முகம் வரும்வரை ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். வந்ததும் ஒரு கூச்சல். அந்த ஒரே ராத்திரிதான். பிறகு கேசட் பெட்டிக்குள் போய்விடும்.

அதனால்தான் பல வீடுகளில் டேப் தேயாமலே இருக்கிறது. கெடுவது ஓடி அல்ல, ஓடாமல். பிளாஸ்டிக் நாடாமேல் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தைக் குடித்துக் குடித்து இளகுகிறது. அதன்மேல் பூஞ்சை. இதற்கு மலையில் ஒரு கைவைத்தியம் உண்டு: ஈரம் படக்கூடாத பொருளை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள், இல்லையென்றால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்தில். ஸ்டோருக்குள் ஐம்பது டிகிரியை ஒட்டிய சூடு நாள்கணக்கில் நிற்கும். காயின் பச்சையைக் காப்பாற்றும் அந்தச் சூடு டேப்பை நெளித்துவிடும். டேப்புக்கு வேண்டியது சூடு அல்ல, உலர்ந்த குளிர்ச்சி. காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, கேசட்டைப் புத்தகம் போல நிறுத்தி வைத்தால் போதும்.

பூஞ்சை பிடித்த கேசட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் டெக்கில் போட்டுவிடாதீர்கள். அந்தத் தூள் டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஏறும். அதைத் தனியே ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். அத்தையின் மூன்றாவது கேசட் இன்னும் அப்படித்தான் காத்திருக்கிறது.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு

புதிய டெக் கடையில் கிடைக்காது. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆக, இப்போது ஓடுகிற ஒவ்வொரு டெக்கும் பழையது. ரிப்பேர் பார்த்து ஓட்டுவது. போடியில் பழைய ஸ்டூடியோ ஒன்றில் ஒன்றை இரவல் வாங்கினேன். மூன்று வயர்: மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. அந்த மூன்றையும் வாங்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சின்ன யூ.எஸ்.பி. கேப்சர் கருவி. பதிவு செய்ய ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள். கேசட் மூன்று மணி நேரம் என்றால் பதிவும் மூன்று மணி நேரம். குறுக்கு வழி இல்லை. பதிவைத் தொடங்குமுன் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டால் பல வருடமாக ஒட்டிக்கிடந்த டேப் தளர்ந்துகொடுக்கும்.

கம்ப்யூட்டரில் முதலில் வந்த படத்தைப் பார்த்துப் பலர் பயந்துபோவார்கள். யாராவது கையை வீசினால் ஓரமெல்லாம் சீப்புப் பல் போலக் கிழிந்து தெரியும். டேப் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. நம் நாட்டு டி.வி. முறையில் ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம். ஒவ்வொன்றையும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரு பாதியாகப் பிரித்து அடுத்தடுத்துக் காட்டுவார்கள். பழைய டி.வி.யில் அது கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் இரண்டு பாதியையும் ஒன்றாக ஒட்டிக் காட்டுவதால் பல் தெரிகிறது. எந்த எடிட்டிங் மென்பொருளிலும் ‘டீஇன்டர்லேஸ்’ என்றொரு வசதி இருக்கும். அதைப் போட்டால் சரியாகிவிடும். இன்னொன்று: பழைய படம் நாலுக்கு மூன்று அளவு. புதிய டி.வி. நிறைய வரட்டும் என்று அகலமாக இழுத்தால் எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். இரண்டு பக்கமும் கறுப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். கேசட்டில் வரும் என் அப்பத்தா ஒல்லியானவள், அவள் ஒல்லியாகவே இருக்க வேண்டும்.

பதினொரு விநாடி

அப்பத்தா அந்தத் தோட்டத்தில் காய் எடுத்தவள். நான் நடை பழகும் முன்பே போய்விட்டாள். அவளுக்கு ஒரே ஒரு போட்டோ, ரேஷன் கார்டில். அவள் எப்படிப் பேசுவாள் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். “தொண்டை கரகரன்னு இருக்கும்”, “இல்ல, கீச்சுக் குரல்.” கேசட்டில் அவள் இருக்கிறாள் என்று தெரிந்ததும், குரலைக் கேட்டுவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

கேசட்டில் அவள் வாய் அசைகிறது. கேட்பது சினிமாப் பாட்டு.

அந்தக் காலத்துக் கல்யாண வீடியோவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தோளில் பெரிய கேமரா, பக்கத்தில் ஒரு பையன் கண் கூசும் லைட்டோடு. எடுத்து முடித்ததும் ஸ்டூடியோவில் ‘மிக்ஸிங்’. இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை, ரோஜாவுக்குள் பொண்ணு, பக்கம் புரளுவது போல முகூர்த்தம். பேச்சுச் சத்தத்தை முழுக்க எடுத்துவிட்டு, மூன்று மணி நேரத்துக்கும் பாட்டு. அதுதான் அன்றைக்கு அழகு. வீட்டாரே கேட்டு வாங்கியதும்கூட. வீடியோக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. மாஸ்டர் கேசட் விலை அதிகம் என்பதால் அதை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அப்பத்தாவின் குரலுக்கு மேல் வேறொரு வீட்டு நாதஸ்வரம் பதிந்துபோயிருக்கும்.

வி.எச்.எஸ்.ஸில் ஒலி இரண்டு இடத்தில் பதியக்கூடும். டேப்பின் ஓரத்தில் ஒரு சாதாரணத் தடம். ஹைஃபை கருவியாக இருந்தால் படத்தோடு சேர்ந்து இன்னொரு தடம். பாட்டை ஓரத்துத் தடத்தில் மட்டும் ஏற்றியிருந்தால் அசல் பேச்சு உள்தடத்தில் உயிரோடு இருக்கலாம். ஹைஃபை டெக்கில் ஒலித் தேர்வை மாற்றிப் பாருங்கள். சில வீடுகளுக்கு அதிர்ஷ்டம் இருக்கும். எங்களுக்கு இல்லை.

ஆனால் கேடென்லைவ் மென்பொருளின் டைம்லைனில் ஒலியை அலைக்கோடாகப் பார்க்கலாம். பாட்டு ஓடும் இடமெல்லாம் தடித்த பட்டை. இரண்டாவது கேசட்டில், பந்தி நடக்கும் இடத்தில், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் பட்டை மெலிந்து கிடந்தது. அங்கே கர்சரை வைத்து ஓட்டினேன். பாத்திரச் சத்தம், ஒரு குழந்தை அழுகை, பிறகு: “ஏய், அந்தப் புள்ளைக்கு எல போட்டீங்களா இல்லையா?” வலது ஓரத்தில் அப்பத்தா, கையில் சாம்பார் வாளி. மொத்தம் பதினொரு விநாடி. கரகரத்த தொண்டைதான்.

மொய் வரிசையை வெட்டாதீர்கள்

எடிட்டிங் என்றதும் நமக்குச் சினிமா நினைவுக்கு வருகிறது. சலிப்பானதை வெட்டு, வேகமாக்கு, பாட்டுக்கு ஏற்ப நறுக்கு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதலில் வெட்டப்போனது மேடையில் வரிசையாக வந்து மொய்க் கவரோ குத்துவிளக்கோ கொடுத்து, கேமராவைப் பார்த்து ஒரு கணம் விறைத்து நின்று, இறங்கிப் போகும் அந்த நாற்பது நிமிடத்தை. அதைவிடச் சலிப்பான காட்சி உலகத்தில் கிடையாது.

அப்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “நிறுத்து நிறுத்து” என்றார். “இது கங்காணி சம்சாரம். இவரு ஸ்டோர்ல காய் உலத்துறவரு. இந்தப் பொண்ணுதான் கொழுந்துக்காரி மக, திருப்பூருக்குப் போனவ.” ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். அப்போதுதான் உறைத்தது: 1994-இல் அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக, முகம் நேராக, நல்ல வெளிச்சத்தில் நின்ற ஒரே இடம் அந்த நாற்பது நிமிடம்தான். தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருந்திருக்கும், முகம் இருக்காது. பத்திரம் இல்லை, பட்டா இல்லை, லயமும் கைமாறிவிட்டது. அங்கே ஒரு தலைமுறை வாழ்ந்தது என்பதற்கு மொய் வரிசைதான் சாட்சி.

வெட்டுவதை நிறுத்தினேன். வரிசையைத் தனிக் கோப்பாக ஆக்கினேன். போனில் அத்தையின் குரலைப் பதிந்து, படத்துக்குக் கீழே இன்னொரு ஒலித் தடத்தில் வைத்தேன். முகம் வரும்போது பெயர் வரும். பெயரோடு ஊரும் உறவும். 184 பேர். ஒன்பது பேரை மட்டும் அத்தைக்குத் தெரியவில்லை. “பொண்ணு வீட்டுப் பக்கமா இருக்கும்” என்றார். பிறகு, தான்தான் பொண்ணு என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

இதை எல்லோரும் செய்யலாம். இதற்குத் திறமை எதுவும் வேண்டாம். படத்தை நிறுத்தி ஓட்டத் தெரிய வேண்டும், பக்கத்தில் ஒரு வயதானவர் இருக்க வேண்டும். மென்பொருள் எத்தனை வருடம் கழித்தும் கிடைக்கும். பெயர் சொல்லத் தெரிந்தவர் கிடைக்கமாட்டார்.

உலகம் இப்படிப்பட்ட வீட்டுப் படங்களுக்கு மதிப்புக் கொடுக்காமல் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா தன் நாட்டு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. டோபாஸ் முகாமில் இருந்த டேவ் டாட்சுனோ என்பவர் 8 மி.மீ. கேமராவை மறைத்து வைத்து, பனியில் விளையாடும் பிள்ளைகளையும் கோயிலுக்குப் போகிறவர்களையும் வீட்டுப் படமாக எடுத்தார். 1996-இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஹாலிவுட் படங்களோடு அதையும் சேர்த்தார்கள். நம் மலைக்கு ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ என்ற படம் கிடைத்தது, 2018-இல். லெனின் பாரதி இயக்கியது. அடிவாரத்திலிருந்து மூட்டை சுமந்து ஏறும் நடையை அவசரப்படாமல் ஓடவிட்ட படம். அந்தப் பொறுமைக்காகவே வீட்டில் வீடியோ வெட்டுகிறவர்கள் அதை ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் அது கதை. அதில் வராத அசல் முகங்கள் பரண்களில்தான் இருக்கின்றன.

பக்கத்து லயத்து ஆசிரியை

கேடென்லைவை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தையின் பக்கத்து லயத்துப் பெண். ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் 2018-இல் பள்ளிகளில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் குழுக்களைத் தொடங்கியது. பள்ளி லேப்டாப்புகளில் லினக்ஸ்தான் ஓடுகிறது. அதோடு கேடென்லைவ், ஓபன்ஷாட் போன்ற இலவச எடிட்டிங் மென்பொருள்களும் வருகின்றன. மலையாளப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது இடுக்கியிலும் பாலக்காட்டு எல்லையிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. கணினிப் பாடப் புத்தகம் தமிழிலும் அச்சாகிறது. 2020 ஜூனில் பள்ளி மூடிக்கிடந்தபோது தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் பெல்’ வீடியோ வகுப்புகளிலும் தமிழ் வகுப்புகள் தயாரிக்கப்பட்டன. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு டைம்லைன் என்றால் பயம் இல்லை.

என் பழைய லேப்டாப் மூன்று மணி நேரக் கோப்பைத் தாங்காமல் திணறியபோது, “ப்ராக்சி போடுங்க அண்ணா” என்றாள். பெரிய கோப்புக்குப் பதிலாகச் சின்ன நகல் ஒன்றை வைத்து வெட்டலாம். கடைசியில் வெளியே எடுக்கும்போது மென்பொருள் தானே அசலுக்குத் திரும்பிவிடும். அவள் சொன்ன இன்னொன்று: ப்ராஜெக்ட் கோப்புக்குள் வீடியோ இருக்காது. எந்தக் கோப்பில் எங்கே வெட்டினோம் என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். அசலை அழித்தாலோ வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலோ அது வெற்றுக் காகிதம்.

இதை ஊன்றிப் படியுங்கள், ஏனென்றால் எந்த மென்பொருளும் நிரந்தரம் இல்லை. விண்டோஸோடு 2000-இல் வந்து நம்மில் பலருக்கு எடிட்டிங் கற்றுக்கொடுத்த மூவி மேக்கர் 2017 ஜனவரி 10-ஆம் தேதியோடு நின்றுபோனது. இப்போது விண்டோஸ் 11-இல் வருவது கிளிப்சாம்ப். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் விவாவீடியோ என்ற எடிட்டிங் செயலியும் இருந்தது. ஆகவே எதில் வெட்டினாலும் சரி, முடிந்ததும் சாதாரண எம்.பி.4 கோப்பாக வெளியே எடுத்துவிடுங்கள். ப்ராஜெக்டை மட்டும் நம்பி வைக்காதீர்கள்.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: உங்கள் கம்ப்யூட்டரில் திணறாமல் ஓடுவது. வெட்ட, ஒட்ட, ஒலியைத் தனியே பிரிக்க, எழுத்துப் போட: நான்கு வேலை போதும். இதயமும் ரோஜாவும் எல்லா மென்பொருளிலும் இன்றும் இருக்கின்றன. பின்னணிப் பாட்டும் ஒரே சொடுக்கில் விழும். தயவுசெய்து பாட்டைப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் பேச்சை அணைக்காமல், அடியில் மெல்லியதாகப் போடுங்கள். முப்பது வருடம் கழித்து உங்கள் பேத்தி தேடப்போவது பாட்டை அல்ல.

மலைக்கு ஒன்று, அடிவாரத்துக்கு ஒன்று

அத்தைக்குக் கொடுத்தது இருபத்திரண்டு நிமிடப் படம். லயத்திலிருந்து கோயில்வரை ஊர்வலம், முகூர்த்தம், பந்தி, அந்தப் பதினொரு விநாடி. அதோடு மொய் வரிசை தனியாக. வெட்டாத முழுப் பதிவும் தனியாக. அதில் ஒரு விநாடியைக்கூட நான் தொடவில்லை. இன்றைக்கு எனக்குச் சலிப்பாக இருப்பது நாளை ஒருவருக்குத் தேவைப்படலாம். மொய் வரிசை எனக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது. கோப்புக்கு ‘வீடியோ1’ என்று பெயர் வைக்காமல், வருடம், ஊர், நிகழ்ச்சி என்று வைத்தேன்.

பிரதிகள் மூன்று. ஒன்று என் ஹார்ட் டிஸ்கில், ஒன்று அத்தையின் பென் டிரைவில், ஒன்று கிளவுடில். மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் மூன்று என்று கணக்கே இல்லை. இதை இந்த மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 தமிழ் உயிர்கள் போயின. பலருக்கு வேர் கயத்தாறு. வீடு இருந்த இடமே தெரியாமல் போன அந்த ராத்திரியில் பெட்டியும் போட்டோவும் என்ன ஆகியிருக்கும்? மேலே இருப்பவர்கள் ஒரு பிரதியைக் கீழே சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். கீழே இருப்பவர்களும் அப்படியே. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கிவிடும்; முகம் மங்கிப்போகும். ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

இடம்பெயர்ந்த ஒரு மாதம் கழித்து, போடியில் வாடகை வீட்டில் அத்தை சொந்தங்களைக் கூட்டி அந்தப் படத்தைப் போட்டார். பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பந்தி வந்தது, பாட்டு நின்றது, அப்பத்தா பேசினாள். மாமா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். “இன்னொருவாட்டி போடுப்பா” என்றார். பதினொரு விநாடியை ஆறுமுறை போட்டோம்.

டெக்குகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஓட்டத் தெரிந்தவர்களும் குறைகிறார்கள். ஜூனில் மழை இறங்கினால் டேப்புக்கு இன்னொரு வருடப் பூஞ்சை. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு கேசட் இருந்தால், இந்த மழைக்கு முன் அதை இறக்குங்கள். பெயர் சொல்லத் தெரிந்தவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.